நடுவில் இருக்கும் தூசி

ஒரு நட்சத்திரம் மங்கலாகத் தெரிகிறது. இயல்பே அப்படியா, ரொம்பத் தொலைவா, இல்ல நடுவுல தூசியா? ஒற்றை நட்சத்திரத்தை வைத்துச் சொல்வது பெரும்பாடு. கொத்தாக இருந்தால் வழி உண்டு. ஒரே மேகத்தில் பிறந்து, ஏறக்குறைய ஒரே தொலைவில் இருப்பவை. நிறத்தையும் ஒளியையும் வரைந்தால் பெரும்பாலானவை ஒரு கோட்டில் வரிசை கட்டும். தூசி நீல ஒளியைத்தான் அதிகம் விழுங்கும். கோடு சிவப்புப் பக்கம் நகரும். நகர்ந்த அளவு தூசியின் அளவு.

1930இல் லிக் வானாய்வகத்தின் ராபர்ட் டிரம்ப்ளர் கொத்துகளின் ஒளியை வைத்துத் தொலைவைக் கணக்கிட்டார். தொலைவிலிருந்த கொத்துகளெல்லாம் பெரிது பெரிதாக வந்தன. நம்மைவிட்டு விலக விலகக் கொத்துகள் வீங்குகின்றன என்று நம்ப வேண்டும், அல்லது நடுவில் ஏதோ ஒளியைக் குடிக்கிறது. அவர் இரண்டாவதை எடுத்தார். பிரபஞ்சம் நம்மைப் பார்த்தா அளவு வைத்துக்கொள்ளும்?

1998இல் ஷ்லெகல், ஃபிங்க்பைனர், டேவிஸ் மூவரும் தூசி உமிழும் அகச்சிவப்பு ஒளியிலிருந்து வானம் முழுமைக்கும் வரைபடம் தந்தார்கள். அது சுமார் 14 சதவீதம் கூடுதலாகக் காட்டுகிறது என்று 2011இல் ஷ்லாஃப்லியோடு சேர்ந்து எழுதியவரும் அதே ஃபிங்க்பைனர்தான். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கூச்சமாக இருக்கும்.

ஏன்னா, படிக்கும்போது அதே வரைபடத்தைக் கொத்துகளோடு ஒப்பிடும் புராஜெக்ட் செய்தேன். ஐந்து கொத்துகள் அடம்பிடித்தன. வரைபடம் சொன்ன தூசியில் பாதிகூட அவற்றில் இல்லை. நீக்கிவிட்டேன். படம் அழகாக வந்தது.

"ஏன் தூக்கின?" என்று கேட்டார் லேபில் இருந்த சீனியர் அக்கா.

"தரவு சரியில்லக்கா."

பிறகுதான் புரிந்தது. அந்த வரைபடம் பார்வைக்கோட்டில் உள்ள மொத்தத் தூசியையும் கூட்டும், கொத்துக்குப் பின்னால் இருப்பதையும் சேர்த்து. பால்வழித் தளத்தை ஒட்டிய அந்த ஐந்துக்கும் பின்னால் ஏகப்பட்ட தூசி. ஒப்பிடவே கூடாதவை. ஆக, நீக்கியது சரி!

ஆனால் நீக்கியபோது எனக்கு இது தெரியாது. படம் அசிங்கமாக இருந்தது, அவ்ளோதான். சரியான காரணம் பின்னால் வந்து சேர்ந்தால் பொய் பொய்யில்லாமல் ஆகிவிடுமா? முடிவு மாறலையே, விடு என்கிறான் நண்பன். அடுத்த முறை அந்தக் காரணம் வராமல் போனாலும் நான் அதையேதானே செய்திருப்பேன் என்றேன். பதில் சொல்லாமல் டீயை ஆற்றினான்.

ரிப்போர்ட் கொடுத்து நாலு வருஷம். அந்த ஃபைல் இன்னும் என் லேப்டாப்பில் இருக்கிறது, ஐந்து வரிகளுக்கு முன்னால் நான் போட்ட ஹாஷ் குறியோடு. அழித்த காரணத்தைப் பக்கத்தில் எழுதலாம் என்று சில இரவுகளில் திறப்பேன். எந்தக் காரணத்தை எழுதுவது என்பதில் நின்றுவிடும்.