துறவிக்குப் படியளப்பவர்கள்

என் லேப்டாப்பை மூடித் திறந்தால் டச்பேட் செத்துக் கிடக்கும். இன்னொரு முறை மூடித் திறந்தால் உயிர் வந்துவிடும். இரண்டு வருடமாக இப்படித்தான். தாழ்ந்த நிலைப்படியில் தலை தானாகக் குனிவதுபோல, கையும் இப்போது தானாகவே இருமுறை மூடித் திறக்கிறது.

அதில் ஓடும் இயங்குதளம் டெபியன் லினக்ஸின் 'ஸ்டேபிள்' கிளை. அங்கே 'ஸ்டேபிள்' என்றால் பழுதில்லாதது என்று பொருளல்ல, மாறாதது என்று பொருள். ஏறக்குறைய இரண்டு வருடத்துக்கு ஒரு பதிப்பு வரும். அதன்பின் பாதுகாப்புத் திருத்தங்களும் மோசமான பிழைகளுக்கு வைத்தியமும் மட்டுமே. அதையும் பெரும்பாலும் பழைய மென்பொருளிலேயே ஒட்டுப்போட்டுத் தருவார்கள், புதுத்துணி கிடையாது. முன்பு தினமும் புதுப்பித்துக்கொள்ளும் வேறொரு லினக்ஸ் வைத்திருந்தேன். கட்டுரை அனுப்ப வேண்டிய இரவில், புதுப்பித்த கையோடு திரை கறுத்துப்போனது. மறுநாளே டெபியன். கேட்டவர்களிடமெல்லாம் 'போதும் என்ற மனம்' என்றேன். ஆசையை அறுத்தவன் என்ற மிதப்பு கொஞ்சம் இருந்தது.

2024 மார்ச்சில் அந்த மிதப்பு இறங்கியது. ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற நிரலாளர், டெபியனின் 'சிட்' கிளையில் எஸ்எஸ்ஹெச் என்ற தொலைவழியில் கணினிக்குள் நுழைய அரை வினாடி கூடுதலாவதைக் கவனித்தார். அரை வினாடிதான்! விடாமல் துருவினார். எக்ஸ்இசட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திருட்டு வாசல் வைத்திருந்தது தெரியவந்தது. ஸ்டேபிளுக்கு அது வந்துசேரவில்லை. நான் அன்று நன்றாகத் தூங்கியிருப்பேன்.

டெபியன் பதிப்புகளுக்கு 'டாய் ஸ்டோரி' படப் பாத்திரங்களின் பெயர்கள். அதில் பொம்மைகளை உடைக்கும் பையன் சிட். புது மென்பொருள் முதலில் அவன் கையில்தான் விழும். அங்கே சில நாள் தாக்குப்பிடித்து, அடுத்த கிளையில் மாதக்கணக்கில் ஊறி, கடைசியில் என்னிடம் வருகிறது. எல்லாரும் என்னைப்போல் 'போதும்' என்று உட்கார்ந்தால் ஸ்டேபிளே இருக்காது.

தவம் என்ற அதிகாரத்தில் வள்ளுவர் சற்றுக் குறும்பாகவே கேட்கிறார்: துறவிகளுக்கு வேண்டியதைக் கொடுக்கத்தான் மற்றவர்கள் தவத்தை மறந்துவிட்டார்களோ? இந்தக் கேள்வியை இல்லறத்தாருக்கான பாராட்டு என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். இப்போது அது துறவியின் பக்கமும் திரும்புகிறது. திருவோட்டில் விழும் சோற்றுக்கு யாரோ புகையில் கண் எரிய அடுப்பூதியிருக்கிறார்கள். அதைத் தின்றுவிட்டு, 'நான் அடுப்பைத் துறந்தவன்' என்று சொல்லிக்கொள்வதில் எவ்வளவு தவம், எவ்வளவு சோம்பல்?

பழுதைத் தெரிவிப்பதற்கென்றே டெபியனில் 'ரிப்போர்ட்பக்' என்றொரு கட்டளை உண்டு. டச்பேட் விஷயமாக இதுவரை நான் அதை ஒருமுறைகூட இயக்கியதில்லை.