முயலிடம் பட்ட கடன்

மருத்துவமனையில் நம் அன்புக்குரியவர் படுத்திருக்க, தலைமாட்டில் தொங்கும் குளுக்கோஸ் புட்டியிலிருந்து நீர் சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்தவாறே நாம் செபமாலை சொல்லியிருக்கிறோம். அந்த நீர் உடலினுள் சென்று குளிர்காய்ச்சலை உண்டாக்காது என்னும் உறுதியை நமக்கு அளித்தது யார்? நெடுங்காலமாக அவ்வுறுதியை அளித்து வந்தது ஒரு முயல்.

கொதிக்க வைத்துக் கிருமிகளைக் கொன்ற பின்னரும் அவற்றின் எச்சங்கள் மருந்தில் தங்கிக் காய்ச்சலை மூட்டக்கூடும். இதைக் கண்டறிய முயலின் காது இரத்தக்குழாயில் மருந்தைச் செலுத்துவார்கள். கழுத்து அசையாதவாறு பெட்டியில் அடைக்கப்பட்ட அதன் உடல்வெப்பத்தை மூன்று மணி நேரம் அளப்பார்கள். வெப்பம் ஏறினால் அம்மருந்து விலக்கப்படும். நமக்கு வரவிருந்த காய்ச்சலை முயல் தாங்கிக்கொண்டது.

இது அறமா? உடனே இரண்டு விடைகள் எழுகின்றன. ‘விலங்குதானே!’ என்பது ஒன்று. ‘எவ்வுயிரையும் தொடலாகாது’ என்பது மற்றொன்று. இரண்டுமே நம்மைச் சிந்திக்கும் பொறுப்பிலிருந்து விடுவித்துவிடுகின்றன.

இரண்டாவதை முதலில் எண்ணிப் பார்ப்போம். 1937ஆம் ஆண்டில் அமெரிக்காவில், சல்ஃபனிலமைடு மருந்தை நச்சுத் திரவமொன்றில் கரைத்து, எவ்வித நச்சுச் சோதனையும் செய்யாமல் விற்றார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் குழந்தைகள் பலர். புதிய மருந்தின் பாதுகாப்பை விற்பனைக்கு முன்பே காட்ட வேண்டும் என்ற சட்டம் அதன் பிறகே, 1938இல் அங்கு வந்தது. மனிதரையே சோதனைப் பொருளாக்கிய நாசி மருத்துவர்களின் கொடுமையைக் கண்ட உலகம், 1947ஆம் ஆண்டின் நூரெம்பர்க் நெறிகளில், மனிதர்மேல் நடத்தும் ஆய்வுக்கு விலங்காய்வு அடிப்படையாக அமைய வேண்டும் என்று வகுத்தது. அக்குழந்தைகளின் கல்லறைகளை மறந்துவிட்டு இரக்கம் பேசுதல் முழுமையான இரக்கமாகாது.

ஆயினும் முதல் விடையும் நமக்கு உரியதன்று. உயிரினங்களை ஆளும் பொறுப்பை மனிதருக்கு அளித்த அதே இறைவன், போரடிக்கும் மாட்டின் வாயைக் கட்டலாகாது என்றும் கட்டளையிட்டார். நினிவே நகருக்கு இரங்கியபோது அங்கிருந்த கால்நடைகளையும் யோனாவுக்கு நினைவூட்டினார். விலைமலிந்த சிட்டுக்குருவியும் தந்தையின் நினைவிலிருந்து அகலுவதில்லை என்றார் நம் ஆண்டவர்.

1992இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி ஏடு, மனித உயிரைக் காக்க உதவும் விலங்காய்வை நியாயமான வரம்புக்குள் ஏற்கிறது. தேவையின்றி விலங்குகளைத் துன்புறுத்துவதும் கொல்வதும் மனித மாண்புக்கே முரணானவை என்றும் அடுத்த எண்ணிலேயே உரைக்கிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டுத் தம் சுற்றுமடலில் இவ்விரண்டையும் மீண்டும் நினைவூட்டினார்.

அந்த ‘நியாயமான வரம்பு’ எங்கே இருக்கிறது? அது ஒருமுறை நட்டு என்றைக்கும் நிற்கும் எல்லைக்கல் அன்று. அறிவு வளர வளர நகர்வது. முயல் சோதனையே இதற்குச் சான்று. 1942இல் அமெரிக்க மருந்து நூலில் இடம்பெற்றபோது அதற்கு மாற்று இருக்கவில்லை. 1970களில் குதிரைலாட நண்டின் இரத்தத்தைக் கொண்டு சோதிக்கும் முறை ஏற்கப்பட்டது. இரத்தம் எடுத்தபின் நண்டைக் கடலில் விடுவர். எனினும் அவற்றுள் ஒரு பகுதி மடிந்துபோகிறது. பின்னர் சிங்கப்பூர் அறிவியலாளர் அந்த இரத்தத்தின் செயற்கூறை நண்டின்றியே உருவாக்க வழி கண்டனர். மனித இரத்த அணுக்களைக் கொண்டு ஆய்வுக்கூடத்தில் சோதிக்கும் முறை 2010இல் ஐரோப்பிய மருந்து நூலில் இடம்பெற்றது. 2024இல் முயல் சோதனையைத் தன் விதிகளிலிருந்து அகற்ற ஐரோப்பா முடிவு செய்தது. நம் நாட்டிலும் 2023ஆம் ஆண்டின் விதித்திருத்தம், புதிய மருந்துகளை ஆராய விலங்கு சாராத முறைகளுக்கு இடமளித்துள்ளது.

ஆகவே தேவைக்கும் ஒரு காலம் உண்டு. நேற்று வேறு வழியின்றிச் செய்த செயலை, வழி பிறந்த பின்னரும் பழக்கத்தாலோ, செலவுக்கு அஞ்சியோ தொடர்ந்தால் அது தேவையற்ற துன்பமாகிவிடுகிறது. செயல் அதுவே, ஆனால் அதன் அறம் மாறிவிட்டது.

ஆய்வு முடிந்ததும் விலங்கைக் கொல்வதற்கு ஆய்வுக்கூடங்களில் ‘பலி’ என்ற பொருளுள்ள சொல்லே வழங்குகிறது. கல்வாரியை அறிந்த நமக்கு அச்சொல் உறுத்த வேண்டும். அங்கே பலியானவர் தம்மைத் தாமே கையளித்தார். முயல் தன்னைக் கையளிக்கவில்லை, நாம் எடுத்துக்கொண்டோம். தானாகத் தருபவரிடம் பெறும்போது நன்றி போதும். கேளாமல் எடுத்ததற்கோ கணக்கும் கொடுக்க வேண்டும்.

அக்கணக்கைக் கொடுக்க வேண்டியவர்கள் அறிவியலாளர் மட்டுமல்லர். நம் இல்லங்களிலிருந்து மருந்தியலும் மருத்துவமும் கற்கச் செல்லும் பிள்ளைகளிடம், ‘இதற்கு வேறு வழி இல்லையா?’ என்று கேட்கும் துணிவை வளர்ப்போம். தேவையின்றி மருந்து உண்பதையும் தவிர்ப்போம். அடுத்த முறை அப்புட்டியருகே அமர்ந்து செபிக்கும்போது, மருத்துவருக்காகவும் செவிலியருக்காகவும் நன்றி கூறியபின், பெயரில்லாத அந்தச் சிற்றுயிரையும் இறைவன்முன் நினைவுகூர்வோம். நாம் மறந்தாலும் அவர் அதை மறப்பதில்லை.