விட்டுவருவதற்கென்றே ஒருவர்

கோடை விடுமுறையில் நம் தங்கையின் மகன் பங்கு இல்லத்திற்கு வந்து பத்து நாள்கள் தங்கியிருந்தான். பதினாறு வயது. கையில் அடங்கும் விளையாட்டுக் கருவி ஒன்றையும் கொண்டுவந்திருந்தான். மாலைத் திருப்பலி முடிந்து நாம் திரும்பும் நேரத்தில் முற்றத்துத் திண்ணையில் அமர்ந்து அதில் மூழ்கியிருப்பான். முதல் இரண்டு நாள்கள் அவனருகே நாம் அமர்ந்தது கண்காணிக்கும் எண்ணத்தோடுதான், அதை மறைப்பதற்கில்லை. மூன்றாம் நாள், ‘அடுத்து யாரை அழைக்கப் போகிறாய்?’ என்று நாமே கேட்கலானோம்.

அவன் ஆடியது ‘டிராகன் குவெஸ்ட்’ என்னும் ஜப்பானிய விளையாட்டின் மூன்றாம் பாகம். அதை முதன்முதலில் எனிக்ஸ் நிறுவனம் 1988 பிப்ரவரி 10 அன்று வெளியிட்டது. அது வேலை நாளாகிய புதன்கிழமை. கடைகளின் முன் நீண்ட வரிசைகள் நின்றன; பள்ளிக்குச் செல்லாமல் வரிசையில் நின்ற மாணவர்களைப் பற்றி அந்நாட்டில் பெரிதாகப் பேசப்பட்டது. கதையை அமைத்தவர் யூஜி ஹோரி. உருவங்களை வரைந்தவர், 2024-இல் மறைந்த அகிரா தோரியாமா. அதே விளையாட்டு 2024 நவம்பரில் புது மெருகோடு மீண்டும் வெளிவந்தது. நம் மருமகன் ஆடியது இப்புதிய பதிப்பே.

கதை எளியது. அலியகான் என்னும் நாட்டில் ஓர் இளைஞன் தன் பதினாறாம் பிறந்த நாளன்று அரசன் முன் நிறுத்தப்படுகிறான். அரக்கர் தலைவனை எதிர்க்கச் சென்று திரும்பாத தந்தையின் பணியை அவன் தொடரவேண்டும். தனியே போகலாம், ஆனால் தனியே போகிறவன் நெடுந்தூரம் போவதில்லை. எனவே லூயிடா என்னும் பெண்மணி நடத்தும் மதுக்கடைக்கு அவன் செல்கிறான். துணை தேடும் வழிப்போக்கர்கள் கூடுமிடம் அது. மாடியில் ஒரு பதிவேடு இருக்கிறது. அதில் பெயரும் தொழிலும் எழுதினால் ஒரு மனிதர் உருவாகிவிடுகிறார். கீழே வந்து பெயர் சொன்னால் எழுந்துவந்து அணியில் சேர்கிறார். நாயகனோடு மூவர், அதற்குமேல் இடமில்லை. மற்றவர்கள் அங்கேயே காத்திருக்கிறார்கள்.

போர்வீரன், கைப்போர் வல்லான், மந்திரவாதி, குரு, வணிகன், ஊர்சுற்றி ஆகியவை 1988 மூலத்தில் தொடக்கத்திலேயே கிடைத்த தொழில்கள். குருவின் வேலை காயம் ஆற்றுதல். நம் இனத்தவர்க்கு அங்கும் இடமிருப்பது கண்டு சற்றே மகிழ்ந்தோம் என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.

மருமகனின் தேர்வில் தெளிந்த நியாயம் இருந்தது. அடி தாங்க முன்னால் ஒருவன், ஆற்றப் பின்னால் ஒருவன், கூட்டமாய் வரும் பகையைச் சுட்டெரிக்க ஒருவன். ஒருவரிடம் இல்லாததை மற்றவர் நிறைக்கிறார். இவ்வாறு திறமை பார்த்து ஆள் தேர்வது தவறா? அன்று என்பதே நம் கருத்து. புனித தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் பேரேட்டில் முகத்தாட்சண்யத்தை நீதிக்கு எதிரான பாவமாகக் காண்கிறார். ஒரு பணிக்கு ஒருவரை அமர்த்தும்போது அப்பணிக்கான தகுதியைப் பாராமல் உறவையும் செல்வத்தையும் பார்ப்பதே அப்பாவம். அறுவை மருத்துவரைத் தேடும் நோயாளி கைத்திறன் பார்க்கத்தான் வேண்டும். அணிக்கு ஆள் எடுக்கும் சிறுவன் தகுதி பார்ப்பது நீதியே.

நம்மைத் தடுத்து நிறுத்தியது ஐந்தாம் நாள் நடந்தது.

கப்பலேறிக் கீழ்த்திசைக் கண்டம் ஒன்றில் அவன் இறங்கினான். அங்கே புல்வெளியில் தனித்து வாழும் கிழவர் ஒருவர், ‘இவ்விடத்தில் ஒரு நகரம் எழுப்ப வேண்டும், ஒரு வணிகரை விட்டுச்செல்லுங்கள்’ என்று வேண்டுகிறார். அவன் அணியில் வணிகன் இல்லை. உடனே அலியகானுக்குத் திரும்பி, மதுக்கடை மாடியேறி, பதிவேட்டில் ஒரு புதிய வணிகனை எழுதினான். பெயர் கேட்கப்பட்ட இடத்தில் ‘ஏ’ என்ற ஒற்றை ஆங்கில எழுத்தை இட்டான்.

“என்ன பெயரடா இது?” என்றோம்.

“விட்டுட்டு வரப்போறவனுக்குப் பேர் எதுக்கு மாமா?” என்றான்.

அவன் சொன்னதில் தீங்கில்லை. இவ்விளையாட்டை ஆடுகிறவர்களில் மிகப் பலர் இப்படித்தான் செய்கிறார்கள்; வளர்த்து ஆளாக்கிய ஒருவரை விட்டுவர மனமின்றி, விடுவதற்கென்றே ஒருவரைப் படைக்கிறார்கள். அந்த வணிகனோ விட்ட இடத்தில் சும்மா இருப்பதில்லை. நாம் போய்வரும்போதெல்லாம் ஒரு குடிசை கடையாகிறது; கடை தெருவாகிறது; தெரு நகராகிறது; நகருக்கு அவன் பெயரே வழங்குகிறது. ஓரெழுத்துப் பெயரிட்டவருக்கு அந்த ஓரெழுத்தே ஊர்ப்பெயரின் தலையில் நிற்கும்! பின்னர் அவன் மக்களை மிகையாக வேலை வாங்க, அவர்கள் கிளர்ந்தெழுந்து அவனைச் சிறையிலடைக்கிறார்கள். சிறைக்கம்பிகளுக்குப் பின்னிருந்து அவன், தன் நாற்காலியின் பின்புறத்தைப் பார்க்கச் சொல்கிறான். அங்கே ஒரு மஞ்சள் மணி இருக்கிறது. லாமியா என்னும் பெரும்பறவையை உயிர்ப்பிக்க ஆறு மணிகள் தேவை. அவற்றுள் ஒன்று இது. மணியை எடுத்தவுடன் நாம் புறப்படுகிறோம். 1988 மூலத்தில் அவ்வணிகன் மீண்டும் அணியில் சேர்வதே இல்லை.

பொம்மை உருவத்திற்கு இரங்குவது பேதைமை என்று வாசகர் கூறலாம். நாமும் அதை மறுக்கவில்லை. மனிதரை ஒருபோதும் வெறும் கருவியாக மட்டும் நடத்தலாகாது என்று 1785-இல் எழுதிய இம்மானுவேல் காந்து, திரையில் நடமாடும் உருவத்தை மனதிற்கொண்டு அதை எழுதவில்லை. அங்கே காயப்படுவோர் எவருமிலர். நாம் நினைத்தது வேறு. ஒரு வேலைக்காக மட்டுமே ஒருவரை அழைப்பது, அவ்வேலைக்கு அப்பால் அவர் யார் என்று கேளாதிருப்பது, பெயரைக்கூட ஓரெழுத்தில் முடிப்பது ஆகியவற்றைத் திண்ணையில் அமர்ந்து பார்த்தபோது, அச்செயல் நமக்குப் புதிதாகத் தோன்றவில்லை. அதை எங்கே செய்திருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தோம். நெடுநேரம் எண்ண வேண்டியிருக்கவில்லை.

முன்னர் நாம் பணியாற்றிய பங்கொன்றில் பங்குப் பேரவை அமைத்தோம். அன்பியத்திற்கு ஒருவர் என்பது ஒழுங்கு. பேசத் தெரிந்தவர், கணக்கறிந்தவர், இளைஞரைத் திரட்டக்கூடியவர் என்று பார்த்துப் பார்த்து எடுத்தோம். ஓர் அன்பியத்தில் மட்டும் எவரும் முன்வரவில்லை. தவறாமல் திருப்பலிக்கு வந்து பின்வரிசையில் நிற்கும் முதியவர் ஒருவரைப் பெயருக்கு எழுதிக்கொண்டோம். இரண்டாண்டுகள் அவர் ஒரு கூட்டத்திற்கும் வராமலிருந்ததில்லை. ஒரு கூட்டத்திலும் நாம் அவரைப் பேசச் சொன்னதில்லை. ஒரு நாள் கூட்டம் கலைந்தபின் வாசலில் நின்று கேட்டார்: “சாமி, இதுல நான் எதுக்கு இருக்கேன்?” நாம் சிரித்து, “நீங்க இருக்கிறதே எங்களுக்குப் பலம்” என்றோம். இப்படிப்பட்ட விடைகள் நம்மிடம் எப்போதும் தயாராக இருக்கும். அவரும் சிரித்தார். அடுத்த முறை பெயர் கேட்டபோது வேண்டாமென்றுவிட்டார்.

அவர் நாற்பதாண்டுகள் கொத்தனாராக இருந்தவர் என்பது பின்னால் ஓர் அடக்கத்தின்போது தற்செயலாகத் தெரிந்தது. அவ்விரண்டாண்டுகளும் கோயில் முகப்பின் ஒழுக்கைப் பற்றியே நாங்கள் கூட்டம் கூட்டமாய்ப் பேசியிருந்தோம்! மிகவும் வருந்தினோம். ஆனால் இப்போது எண்ணிப் பார்த்தால் அவ்வருத்தமும் நல்ல வருத்தமன்று. ‘இவ்வளவு பயன்படக்கூடியவரை விட்டுவிட்டோமே’ என்பதே அது. அவர் கொத்தனாராக இல்லாதிருந்தால் நாம் வருந்தியே இருக்கமாட்டோம்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றி வாசகரோடு பேச விரும்புகிறோம். இவ்வகை விளையாட்டுகளுக்கெல்லாம் மூலம், 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’. அது கணினி இன்றி, தாளும் பகடையும் கொண்டு மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடுவது. அதில் ஒவ்வொரு பாத்திரத்திற்கும் ஆறு ஆற்றல்கள் எண்ணால் குறிக்கப்பட்டன: உடல்வலிமை, அறிவு, ஞானம், உடலுறுதி, கைவேகம், ஆறாவதாக ‘கரிஸ்மா’. பிறரைத் தன்பால் ஈர்த்து வழிநடத்தும் தன்மை என்ற பொருளில் இச்சொல் அங்கே நிற்கிறது. ஆனால் குருமடத்தில் கிரேக்கம் சிறிது கற்றவருக்கு இது வேறிடத்துச் சொல். புனித பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் பன்னிரண்டாம் அதிகாரம் முழுவதும் பேசுவது இதைப் பற்றியே. நாம் அருள்கொடை என்கிறோம். காரிஸ் என்றால் அருள். கரிஸ்மா என்றால் அருளால் கிடைத்தது. உழைத்துப் பெற்றதன்று, விலைகொடுத்து வாங்கியதுமன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாக்ஸ் வேபர் என்னும் ஜெர்மானிய சமூகவியலார் இதைத் தலைவர்களின் ஈர்ப்பாற்றலுக்குப் பெயராக்கினார். அதன்பின் இச்சொல் கோயிலை விட்டு மேடையேறியது. மேடையிலிருந்து விளையாட்டுக்குள் புகுந்தது.

1974-இல் இவ்வாறு எண்களையும் மூன்று பகடைகளை உருட்டியே அறிந்தார்கள். விழுந்ததை ஏற்றுக்கொள்ள வேண்டும். அதில் இன்னும் கொடையின் சாயல் இருந்தது. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு மற்றொரு முறையையும் தருகிறது. ஒவ்வோர் ஆற்றலும் எட்டில் தொடங்கும். கையில் 27 புள்ளிகள். வேண்டியதை விலைக்கு வாங்கி உயர்த்திக்கொள்ளலாம். 2023-இல் வந்து புகழ்பெற்ற ‘பால்டர்ஸ் கேட்’ மூன்றாம் பாகமும் இம்முறையையே கைக்கொள்கிறது. போர்வீரனை அமைப்போர் பெரும்பாலும் வலிமைக்கும் உடலுறுதிக்கும் புள்ளிகளைக் கொட்டிவிட்டுக் கரிஸ்மாவை எட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். வாள் வீசுகிறவனுக்கு அது எதற்கு? விலையின்றி வருவது என்று பொருள்படும் சொல்லுக்கு விலை குறித்து, பின் அது விலை போகாது என்று ஒதுக்கியும் வைத்தார்கள்! பவுலடியார் இதைக் கண்டிருந்தால் கோபித்திருப்பாரா, நகைத்திருப்பாரா என்று நம்மால் கூற இயலவில்லை.

எல்லா விளையாட்டுகளும் இப்படியல்ல என்று மருமகன் வாதிட்டான். 1995-இல் கொனாமி நிறுவனம் வெளியிட்ட ‘சூய்கோடன்’ என்பதைச் சொன்னான். சீனத்துப் பழங்கதையொன்றைத் தழுவிய அதில் 108 பேரைத் திரட்டலாம். அவர்களுள் வாளெடுக்காதவர்களும் உண்டு: சமையற்காரர், குளியலறை கட்டுபவர், மின்தூக்கி அமைப்பவர். கோட்டை அவர்களால் நிறைந்து ஊராகிறது. ஒருவர் குறையாமல் எல்லாரும் சேர்ந்தால், முன்னர் இறந்துபோன கிரெமியோ என்னும் பணியாளர் உயிர் பெற்றெழுகிறார். அழகிய எண்ணம் என்றோம். ஆயினும் அங்கும் 107-ஆவது ஆளைத் தேடி அலைகிறவன், அந்த ஆளையா தேடுகிறான், எண்ணையா?

“அப்ப ஊர்சுற்றி?” என்றான் அவன்.

இதற்குத்தான் நம்மால் உடனே விடை சொல்ல முடியவில்லை. ஊர்சுற்றி என்பவன் இட்ட கட்டளையைச் செய்யாதவன். பகை எதிரே நிற்கும்போது ஆடுவான், நகைச்சுவை சொல்வான், தடுக்கி விழுவான். நிலை ஏற ஏற அவனுடைய கோமாளித்தனமும் ஏறும். அவனை அணியில் வைத்திருப்பது மூவர் உண்ணும் உணவை நால்வருக்குப் பங்கிடுவது போன்றது. ஆனால் இருபதாம் நிலை எய்தியவர்கள் தொழில் மாற்றிக்கொள்ளும் கோயில் ஒன்று உண்டு. ஜப்பானிய மூலத்தில் அதன் பெயர் ‘தாமா’. தருமம் என்ற சொல்லின் ஒலி அதில் கேட்கிறது. குருவின் அருஞ்செயல்களையும் மந்திரவாதியின் ஆற்றல்களையும் ஒருங்கே பெற்ற ஞானியாக அங்கே மாறலாம். மற்றவர்கள் ஞானியாவதற்கு, தேடியெடுக்க அரிதான ஒரு நூல் வேண்டும். ஊர்சுற்றிக்கு மட்டும் நூல் தேவையில்லை.

இதைக் கேட்டவுடன், கட்டுவோர் விலக்கிய கல் என்று மறையுரைக்கு ஓர் உவமை கிடைத்ததாக நாம் உள்ளூர மகிழ்ந்தோம். பிறகு கொத்தனார் நினைவுக்கு வந்தார். உள்ளே ஞானி இருக்கிறான் என்று தெரிந்துகொண்டு கோமாளியைப் பொறுத்துக்கொள்வது பொறுமையா, முதலீடா? பயன் கருதிய நட்பு பயன் முடிந்ததும் கலைந்துவிடும் என்று அரிஸ்டாட்டில் தம் அறவியல் நூலில் கூறுகிறார். பயன் பின்னால் வரும் என்று காத்திருக்கும் நட்பும் அந்த இனத்தைச் சேர்ந்ததாகவே நமக்குத் தோன்றுகிறது. மறுபுறம், இருபது நிலைகள் ஒருவனோடு நடந்தபின் அவனுடைய கோணங்கித்தனமே பிடித்துப்போய், மாற்றாமல் விட்டவர்களும் இருக்கக்கூடும். கணக்கோடு தொடங்கியது கணக்கை மறந்துவிடுவதும் உலகில் நடப்பதே. பல திருமணங்களில் அதைக் கண்டிருக்கிறோம்.

“ஞானியாக மாட்டான்னு தெரிஞ்சிருந்தா அவனைச் சேர்த்திருப்பாயா?” என்று கேட்டோம்.

அவன் ஆட்டத்தை நிறுத்திவிட்டு யோசித்தான். “தெரியல மாமா” என்றான். நேர்மையான விடை. அன்று நாம் வாசலில் சொன்னதைவிட மேலான விடை.

அணியில் மற்றவர்கள் இருபதைக் கடந்துவிட்டிருந்தார்கள். பிந்திச் சேர்ந்த ஊர்சுற்றி பதினேழாம் நிலையில் நின்றான். விடுமுறையில் இன்னும் நான்கு நாள்கள் மீதியிருந்தன.