காற்று கடைசி ஆள்வரை போகவேண்டும்

சுரங்கப்பாதை குடையும் வேலையில் பொறுப்பிலிருக்கும் பொறியாளர்களே, ஃபோர்மேன்களே, இந்த ஷிப்ட் முடிவதற்குள் ஒரு வேலை செய்யுங்கள். வாயிலில் ஃபேன் இரைகிற சத்தத்தைக் கேட்டுத் திருப்திப்படாமல், காற்று அளக்கும் கருவியோடு பாறை துளைக்கும் முனைவரை நடந்து போங்கள். காற்றைக் கொண்டுபோகும் துணிக்குழாயான டக்ட் முடிகிற இடத்தில் அளந்து பாருங்கள். அங்கே மூச்சுவிடுகிறவருக்கு வந்து சேர்வதுதான் காற்று. மற்றதெல்லாம் வீண் மின்சாரம்.

முனையில் காற்று குறைந்தால், காரணம் போகிற வழியிலேயே கண்ணில் படும். லாரி உரசிக் கிழித்த துணிக்குழாய், கம்பியால் கட்டி ஒப்பேற்றிய இணைப்பு, தொங்கல் அறுந்து மடிந்து கிடக்கும் வளைவு. ஃபேனுக்குப் பக்கத்தில் அழுத்தம் அதிகம் என்பதால், அங்கே விழுந்த கையகலக் கிழிசல் முனையருகே விழுந்ததைவிட வேகமாகக் கசியும். தைப்பதையும் ஒட்டுவதையும் அங்கிருந்து தொடங்குங்கள்.

'ஃபேனைக் கூட்டி வைத்தால் சரியாகிவிடும்' என்று மட்டும் சொல்லாதீர்கள். வேகத்தை 10 சதவீதம் கூட்டினால் காற்றும் 10 சதவீதம்தான் கூடும். மின்சாரமோ ஏறக்குறைய 33 சதவீதம் கூடுதலாக இழுக்கும். ஓட்டைக் குடத்துக்கு இன்னும் வேகமாகத் தண்ணீர் இறைக்கிற வேலை அது. கசிவை அடைத்து, வேகத்தை 80 சதவீதத்துக்கு இறக்க முடிந்தால் மின்செலவு பாதியாகிவிடும். டக்ட் வாங்கும்போதே யோசித்திருந்தால் இன்னும் நல்லது: 1.2 மீட்டர் விட்டத்துக்குப் பதில் 1.4 மீட்டர் போட்டால், அதே காற்றைத் தள்ளப் பாதிக்கும் குறைவான சக்தி போதும். துணியில் மிச்சம் பிடித்த காசை மின்கட்டணத்தில் மாதாமாதம் தொலைக்கிறோம்.

சாப்பாட்டு நேரத்திலும் ஷிப்ட் மாறும்போதும் ஃபேனை அணைப்பதைச் சிக்கனம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. உள்ளே ஆள் இருக்கும்போது அப்படிச் செய்வது குற்றம். வெடிவைத்த பின் தேங்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை.

காற்றை அலட்சியப்படுத்தினால் என்னாகும் என்பதற்கு ஓர் உதாரணம்: அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் 1930-31இல் ஹாக்ஸ் நெஸ்ட் சுரங்கம் குடைந்தார்கள். சிலிக்கா நிறைந்த பாறை. தண்ணீர் விடாமல் துளைத்தார்கள், காற்றோட்டமும் போதவில்லை. வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் பிழைப்புத் தேடி வந்த கறுப்பினத் தொழிலாளர்கள். நுரையீரலில் தூசி படிந்து அவர்கள் கூட்டங்கூட்டமாக மாண்டார்கள். பின்னாளில் இதை ஆராய்ந்த மருத்துவர் மார்ட்டின் செர்னியாக், இறந்தவர்கள் 764 பேர் என்று மதிப்பிட்டார். தூசியை அடக்கத் தண்ணீர் வேண்டும் என்பது அன்றே தெரிந்த சங்கதி. அவசரம்தான் அவர்களைக் கொன்றது.

நம் இமயமலைச் சுரங்கங்களிலும் ஊர்விட்டு ஊர் வந்தவர்களே துளைக்கிறார்கள். 'மூச்சு முட்டுகிறது' என்று அவர்களில் ஒருவர் சொன்னால் வாதாடாதீர்கள்; அளந்து பாருங்கள். முனையில் காற்று குறைந்தால் வேலையை நிறுத்தும் அதிகாரத்தை ஷிப்ட் ஃபோர்மேனுக்குக் கொடுங்கள். வாய்வார்த்தையாக வேண்டாம், எழுத்தில் கொடுங்கள். இன்றே கொடுங்கள்.