நேராத விபத்தும் நேர்ந்த தவறும்

மெய்யியலாளர் எடுத்தாளும் உதாரணங்கள் பெரும்பாலும் நம் முற்றத்தினின்றும் தொலைவிலுள்ளவை. எனினும், அவற்றுட் சில எதிர்பாராத வேளையில் வீட்டு வாசலிலேயே வந்து நின்றுவிடுகின்றன. தீங்கு எதுவும் விளையாதவிடத்துக் கவனக்குறைவு குற்றமாகுமா என்பது அவ்வாறு என் வாசலுக்கு வந்த வினா.

என்னிடம் 125 சீசீ வலுவுள்ள பழைய ஜப்பானிய மோட்டார் சைக்கிள் ஒன்று உண்டு. ஒயில் மாற்றுதல், பிளக் துடைத்தல், செயின் இறுக்குதல், பிறேக் லைனர் மாற்றுதல் ஆகியவற்றை முற்றத்திலே நானே செய்துவருகின்றேன். இப்பழக்கம் சிக்கனத்தால் மட்டும் வந்ததன்று. 1990இல் வடபகுதிக்குப் பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டபின், பெற்றோல் அரும்பொருளாகிவிட்ட யாழ்ப்பாணத்தில், காபரேட்டருக்குச் சில துளி பெற்றோல் காட்டி இயந்திரத்தை முடுக்கி, அது சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடவைத்தவர்கள் எம் தந்தையர். அவர்களிடம் கைவேலை பழகியவனுக்குத் தன் வண்டியைப் பிறர் கையிற் கொடுப்பது சற்று மானக்குறைவாகவே தோன்றும். (பிறேக் தூசியை அப்பா வாயால் ஊதியே அகற்றுவார். அக்கால லைனர்களில் அஸ்பெஸ்ரஸ் கலந்திருந்தமையை நாம் அறிந்தது வெகுகாலத்தின் பின்னராகும்.)

சென்ற ஆண்டு ஒரு மாலைப்பொழுதிற் பிற்சில்லைக் கழற்றிப் புதிய லைனர்களைப் பூட்டினேன். அச்சில்லின் பிறேக் தட்டை வண்டியின் சட்டத்துடன் பிணைக்கும் இரும்புக் கை ஒன்று உண்டு. பிறேக்கை மிதிக்கும்போது சில்லுடன் சேர்ந்து சுழல முனையும் தட்டைப் பிடித்து நிறுத்துவது அதுவே. அதன் நட்டுக் கழலாதிருக்க, இரு கால்களாகப் பிளந்த சிறிய ஊசியொன்று குறுக்கே செருகப்படும். ஊசி இல்லையேல் அதிர்வினால் நட்டுத் தளரலாம்; நட்டு விழுந்து கை விடுபடுமாயின், தட்டுச் சுழன்று, சில்லு ஓட்டத்திலேயே இறுகிவிடும்.

மறுநாட் காலை அம்மாவை ஏற்றிக்கொண்டு கிளினிக்குக்குச் சென்றேன். போக்கும் வரவுமாக ஏறத்தாழ 24 கிலோமீற்றர். "மெல்லப் போ தம்பி" என்று வழக்கம்போற் சொன்னாரேயன்றி, பிறேக்கைப் பூட்டியவர் யார் என்று அவர் கேட்கவில்லை. சுகமே திரும்பினோம். மாலையில் ஆயுதங்களை ஒதுக்கும்போது, நட்டுகளை இட்டுவைத்த சிரட்டையின் அடியில் அவ்வூசி கிடந்தது. ஓடிச்சென்று பார்த்தேன்; நட்டு இரண்டு சுற்றுத் தளர்ந்திருந்தது. இறுக்கி, ஊசியைச் செருகினேன். எவரும் அறியவில்லை.

1976இல் பேர்னாட் வில்லியம்ஸ், தொமஸ் நேகல் ஆகிய இரு மெய்யியலாளர் 'அறவியல் அதிர்ஷ்டம்' எனத்தக்க ஒரு பிரச்சினையை விவாதத்துக்குக் கொணர்ந்தனர். நேகல் காட்டும் உதாரணங்களுள் ஒன்று வியப்பூட்டும் வகையில் என் நிலையை ஒத்தது. பிறேக்கைப் பரிசோதிப்பிக்கத் தவறிய சாரதி ஒருவனின் வாகனத்தின் முன் ஒரு பிள்ளை ஓடிவந்து உயிரிழக்கின்றது. அவன் தன்னைக் கடுமையாக நொந்துகொள்வான். பிள்ளை ஓடிவராதிருந்தால், அதே அசட்டைக்காக அவன் தன்னைச் சிறிதளவே குறைகூறிக்கொள்வான். இருவேறு முடிவுகளையும் பிரிப்பது அவனது செயலன்று, தெருவின் தற்செயலே.

இங்ஙனமாயின் யான் பழியற்றவனா? உலக வழக்கு அவ்வாறே கூறும். ஆயினும், அன்றைய பயணம் பழுதின்றி முடிந்தமைக்கு என் திறமையோ அக்கறையோ காரணமன்று. தளர்ந்த நட்டு இன்னும் சில புரிகளைப் பற்றி நின்றது, அவ்வளவே. அந்நன்மையை என் கணக்கில் வரவு வைத்துக்கொள்ள எனக்கு உரிமையில்லை. நேகலின் சாரதிக்கும் எனக்கும் வேறுபாடும் உண்டு. அவன் பரிசோதனையைச் செய்விக்கத் தவறினான். யானோ செய்து முடித்தேன் என்ற இறுமாப்புடனேயே வண்டியில் ஏறினேன். இவ்விறுமாப்பு அசட்டையினும் ஆபத்தானது என்பது என் துணிபு.

றொபேட் பேர்சிக் 1974இல் வெளியிட்ட, சென்னும் மோட்டார் சைக்கிள் பராமரிப்பும் பற்றிய நூல், இயந்திரத்துக்கும் அதனைப் பேணுபவனுக்குமுள்ள உறவை ஆழமாகப் பேசுவது. அந்நூலிலும் பின்னிருக்கையில் ஒருவன் இருக்கின்றான்: ஆசிரியரின் மகன். வீட்டிலே வண்டி திருத்துவோர் நினைக்கவேண்டியது அவ்விருக்கையையே. என் வண்டி, என் கை, என் விருப்பம் என்ற வாதம் முன்னிருக்கையுடன் முடிந்துவிடுகின்றது. வலுவைக் கூட்டப் பெரிய காபரேட்டர் பூட்டும் இளைஞர்க்கும் இது பொருந்தும். மணிக்கு 50 கிலோமீற்றரில் ஓடிய வண்டி 70இல் ஓடுமாயின், பிறேக் அடக்கவேண்டிய இயக்கச் சக்தி ஏறத்தாழ இருமடங்காகின்றது, பிறேக்கோ பழையதே. சைலன்சரைக் குடைந்து ஓசையெழுப்புவோரைப் பற்றிப் பேசி இவ்வேட்டின் பக்கங்களை வீணாக்க விரும்பவில்லை.

அதற்காகத் திருத்தகமே கதி என்பதன்று. தன் வண்டியின் ஒவ்வொரு முனகலையும் அறிந்தவனின் கவனத்தை, வரிசையில் பத்து வண்டிகளை நிறுத்தி வேலைசெய்பவரிடம் எதிர்பார்த்தல் தகாது. ஆனால் அங்கு பூட்டுபவர் ஒருவர், ஓட்டுபவர் இன்னொருவர்; வண்டியை எடுக்கும்போது ஒரு கேள்வியாவது எழும். வீட்டு முற்றத்தில் இருவரும் ஒருவரே. விமானப் பராமரிப்பில், உயிர்நிலையான பாகங்களைப் பூட்டியவரல்லாத இன்னொருவர் அவற்றை மீண்டும் பார்வையிட்டு ஒப்பமிடும் வழக்கம் இதனாலேயே ஏற்பட்டது. வள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' என ஓர் அதிகாரம் வகுத்தது அரசன் பிறரை ஆராய்ந்து நம்புவதற்காக. தன் கையையே ஒருவன் ஆராய்ந்து நம்புவது அதனினும் அரிது போலும்.

நான்கு நாள் கழித்து அம்மாவிடம் சொன்னேன். நடவாத ஒன்றைச் சொல்லி அவரை ஏன் அச்சுறுத்தவேண்டும் என்று அந்நான்கு நாளும் எனக்கு நானே கூறிக்கொண்டது, அவர் நலங்கருதி அன்று என்பதையும் ஒப்புக்கொள்ளல்வேண்டும். அம்மா சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, "கொப்பர் வேலை முடிச்சால் சிரட்டையை என்னட்டைக் கவிழ்த்துக் காட்டிப்போட்டுத்தான் எழும்புவார்" என்றார். அருகில் விளக்குப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு அது நினைவிலேயே இல்லை.