கண்ணியும் அம்பும்

ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் வாலிபர் ஒருவர் நம்மிடம் ஒரு மஸ்அலா கேட்டார். விடுமுறை நாளில் நண்பர்களோடு தளிப் பக்கம் போனவர்கள், மோட்டார் சைக்கிளின் பழைய கிளட்ச் கம்பியைச் சுருக்காக்கிப் புதர்களில் வைத்தார்களாம். விடிந்து பார்த்தால் முயல் ஒன்று கழுத்து இறுகிச் செத்துக் கிடந்ததாம். "பிஸ்மில்லாஹ் சொல்லித்தானே வைத்தோம், கூடாதா?" என்கிறார். கறியை அடுப்பில் ஏற்றாமல், "கேட்டுவிட்டு வா" என்று அனுப்பியவர் அவருடைய தாயார். அல்லாஹ் அந்தத் தாயாருக்கு ரஹ்மத் செய்வானாக!

மஸ்அலாவை முதலில் சொல்லிவிடுவோம்: கூடாது. கழுத்து நெரிந்து செத்ததையும், அடிபட்டுச் செத்ததையும் தானாகச் செத்ததோடு சேர்த்தே அல்மாயிதா அத்தியாயத்தின் 3-ஆவது வசனம் விலக்குகிறது. உயிரோடு கண்டு முறைப்படி அறுத்திருந்தால்தான் ஹலால்.

அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்கள் இறகில்லாத எறிகோலைப் பற்றிக் கேட்டபோது, அதன் கூர்முனை துளைத்ததை உண்ணலாம், பக்கவாட்டில் அடித்துக் கொன்றதை உண்ணலாகாது என நபி பெருமானார் (ஸல்) அவர்கள் விளக்கிய ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. கோல் ஒன்று, கை ஒன்று, பிஸ்மில்லாஹ்வும் ஒன்று. பட்ட விதத்தில்தான் ஹலாலும் ஹராமும் பிரிகின்றன.

வேட்டை பாவமா? இல்லை. ஸஹாபாக்கள் வேட்டையாடினார்கள். நமது கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் தமிழக அரசு அறிவித்தது. அந்த இரும்புக்கும் முன்னே மனிதன் கல்லைக் கூராக்கினான். மரத்தை வளைத்து நாண் பூட்டினான். பசிக்கு அவனுக்கு அல்லாஹ் காட்டிய வழி அது. ஆனால், வில்லேந்தியவன் பிராணியைக் கண்ணால் பார்க்கிறான். சினையா, குட்டியா என்று அறிந்து விடவும் முடியும்.

கண்ணிக்குக் கண் ஏது? வைத்தவன் வீட்டில் உறங்குகிறான். பிராணி இரவெல்லாம் துடிக்கிறது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே, சட்டவிரோத மின்வேலியில் சிக்கி 3 யானைகள் மாண்டன. 2 குட்டிகள் தாயற்று நின்றன. வேலி போட்டவர் யானையைக் கொல்லவா நினைத்திருப்பார்? வலையும் கண்ணியும் வைப்பதே ஹராம் என்று நாம் சொல்லவில்லை. வைத்துவிட்டுப் போய்விடுவதைத்தான் சொல்கிறோம். அறுக்கும்போதுகூடக் கத்தியைத் தீட்டிப் பிராணிக்கு வேதனையைக் குறைக்கச் சொன்ன மார்க்கமல்லவா நம்முடையது!

காட்டில் வழி தவறிப் பட்டினியால் உயிர் போகும் நிலை வந்தால்? நிர்ப்பந்தத்துக்கு ஆளானவருக்கு அதே 3-ஆவது வசனத்தின் இறுதியில் மன்னிப்பு உண்டு. மாதச் சம்பளம் வாங்கி, பொழுதுபோகக் கம்பி வைப்பவருக்கு என்ன நிர்ப்பந்தம்? 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் இதைக் குற்றம் என்கிறது. வீட்டாரை வழக்கில் இழுத்துவிடுவது மூமினுக்கு அழகல்ல.

எனவே அந்த வாலிபருக்கு நாம் சொன்னது இதுதான்: கறியைப் புதைத்துவிடுங்கள், தவ்பா செய்யுங்கள், தாமதிக்காமல் போய், வைத்த மற்றக் கண்ணிகளையும் எடுத்துவிடுங்கள். அவை இன்னும் புதரில் காத்துக்கொண்டிருக்கின்றன.

நம் கை செய்ததற்கும், கை வைத்துவிட்டு மறந்ததற்கும் மறுமையில் கேள்வி உண்டு. ஹலாலைக் கேட்டறிந்து உண்ணும் தவ்ஃபீக்கை நம் இல்லங்களுக்கு அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.