மழை வருகிறது என்று யாரிடம் சொல்வது

இரண்டு வருஷங்களாக நான் யாரிடமும் பேசாமல் ஒரு பாஷையைப் பேசக் கற்றுக்கொண்டிருக்கிறேன். கொரிய பாஷை. ஆசிரியர் கிடையாது, கூடப் படிக்கிறவர் கிடையாது. ஒரு இலக்கணப் புத்தகம், ஒரு அகராதி, கைபேசியில் சில குரல்கள், விடியற்காலைச் சமையலறை மேஜை, அவ்வளவுதான். வருகிற அக்டோபரில் முதல் தடவையாக ஸோல் நகரத்துக்குப் போகிறேன். அறுபது தாண்டியபின் இதெல்லாம் எதற்கு என்று கேட்கிற நண்பர்களுக்குச் சொல்ல கௌரவமான காரணம் ஒன்று வைத்திருக்கிறேன்: யுன் தோங்ஜுவின் கவிதைகளை அவர் எழுதிய எழுத்திலேயே படிக்க வேண்டும். காரணம் பொய்யல்ல. ஆனால் கவிதையைத் தேடிப் போகிற வழியில் ஒரு வினை விகுதி என்னை நிறுத்திவிட்டது. அதைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

எழுத்து கஷ்டமில்லை. 1443ல் அரசர் செஜோங் உருவாக்கி 1446ல் வெளியிட்ட 28 எழுத்துக்களில் 24 இன்றும் வழக்கில் இருக்கின்றன. சீன எழுத்து படிக்க வழியில்லாத ஜனங்கள் தங்கள் மனசில் இருப்பதை எழுத முடியாமல் போகிறார்கள் என்பதே அரசர் சொன்ன காரணம். ககர ஒலிக்கான எழுத்து, அந்த ஒலி பிறக்கும்போது நாக்கு எப்படி வளைகிறதோ அந்த வடிவத்தில் இருக்கிறது. புத்திசாலிக்கு ஒரு காலைப்பொழுது போதும், மந்தனுக்குக்கூடப் பத்து நாள் போதும் என்று அன்றைய விளக்க நூல் சொல்கிறது. எனக்கு ஆறு நாள் ஆயிற்று. என் ஸ்தானம் எது என்று அதிலேயே தெரிந்துவிட்டது.

சங்கடம் ஏழாவது பாடத்தில் வந்தது. வாக்கியம் மிகச் சாதாரணமானது. மழை வருகிறது. 'பிகா வா' என்று சொல்லலாம், 'பிகா வாயோ' என்று சொல்லலாம், 'பிகா ஓம்னிதா' என்றும் சொல்லலாம். மழை அதே மழைதான். மாறுகிறவர் கேட்பவர். முதலாவது, நெருக்கமானவரிடமும் சிறியவரிடமும். இரண்டாவது, மரியாதை காட்ட வேண்டியவரிடம். மூன்றாவது, சபையில், செய்தி வாசிப்பில், முறைப்படி பேச வேண்டிய இடத்தில். எதிரில் இருப்பவர் எனக்கு மேலா, கீழா, சமமா என்று தீர்மானிக்காமல் மழையைப் பற்றிக்கூட வாயைத் திறக்க முடியாது. முதல் சந்திப்பிலேயே வயதைக் கேட்பது அங்கே அதிகப்பிரசங்கித்தனம் இல்லை. இலக்கணத்துக்கு அந்த விவரம் வேண்டியிருக்கிறது.

சமையலறையில் எனக்கு எதிரில் யாரும் இல்லை. இந்த மாதிரி ஆளுக்குப் புத்தகங்கள் சொல்லும் யோசனை, எதற்கும் 'யோ' போட்டுவிடு, தப்பு வராது என்பது. ஆகவே அடுப்புக்கும் பால் பாக்கெட்டுக்கும் 'யோ' போட்டுப் பேசிக்கொண்டிருந்தேன். "யாருக்கு இவ்வளவு மரியாதை?" என்று என் மனைவி கேட்டாள். விளையாட்டாகக் கேட்டதுதான். ஆனால் கேள்வி போகவில்லை.

நான் கொங்கு நாட்டுக்காரன். எழுத்துத் தமிழில் மழை வருகிறது என்றால் அது எல்லோருக்கும் பொதுவாக வருகிறது. எங்கள் ஊர்ப் பேச்சில் அப்படியில்லை. 'மழ வருது' வேறு, 'மழ வருதுங்க' வேறு. அந்த 'ங்க' செய்கிற வேலையைத்தான் 'யோ'வும் செய்கிறது. இதைக் கண்டுபிடித்ததும் ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தேன். நண்பர் ஒருவர் என்னைவிடச் சந்தோஷப்பட்டார். அங்கேயும் அப்பாவை அப்பா என்றுதான் கூப்பிடுகிறார்களாமே, அம்மாவும் கிட்டத்தட்ட அம்மாதானாமே, எல்லாம் நம்மிடமிருந்து போனதுதான் என்றார். கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஹோமர் ஹல்பர்ட் என்பவர் 1905லேயே புத்தகம் போட்டிருக்கிறார் என்பது உண்மை. அந்த உறவை இன்றைய மொழியியல் ஏற்கவில்லை என்பதும் உண்மை. குழந்தை வாயில் முதலில் வருகிற ஒலிகளைத் தாயும் தந்தையும் தங்களுக்கென்று எடுத்துக்கொள்வது சம்பந்தமே இல்லாத பல மொழிகளில் நடக்கிற காரியம். அந்நிய பாஷைக்குள் போயும் தன்னையே தேடிக்கொண்டிருக்கிறவனுக்குப் பயணம் எதற்கு என்று நண்பரிடம் கேட்டேன். அந்தக் கேள்வி எனக்கும் சேர்த்துத்தான் என்று அப்போது தெரியவில்லை.

விகுதி இல்லாத தாழ்ந்த பேச்சுக்கு அங்கே 'பன்மல்' என்று பெயர். அதற்குப் போவதற்கு ஒரு முறை இருக்கிறது. 'மல்' என்றால் பேச்சு. பேச்சைக் கீழே வைப்பது என்று ஒரு பிரயோகம். முன்பின் தெரியாத இரண்டு பெரியவர்கள் சந்தித்தால் மூத்தவரும் மரியாதையாகத்தான் பேச ஆரம்பிக்க வேண்டும். கொஞ்சம் பழகியபின் இளையவர், பேச்சைக் கீழே வையுங்கள் என்பார். சம வயதுக்காரர்கள் என்றால், கீழே வைக்கலாமா என்று ஒருவர் கேட்க மற்றவர் சம்மதிப்பார். அதாவது ஒருவரை 'நீ' என்பதற்கு அவருடைய அனுமதி வேண்டும்.

இந்தப் பாடத்தைப் படித்த அன்றுதான் அவர் ஞாபகம் வந்தது.

எங்கள் தோட்டத்தில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவர். எனக்குப் பத்து வயசு, அவருக்கு அறுபதுக்கு மேல். மேற்கே கறுத்துக்கொண்டு வரும்போது மம்பட்டியைத் தோளிலிருந்து இறக்கிவிட்டு, "மழ வருதுங்க சாமி, உள்ள போங்க" என்பார். "நீ போயி மோட்டார நிறுத்து" என்பேன் நான். இதை யாரும் எனக்குச் சொல்லிக்கொடுத்ததாக ஞாபகமில்லை. பேச்சு வந்தபோதே கூட வந்துவிட்டது. அவர் பேச்சைக் கீழே வையுங்கள் என்று என்னிடம் சொன்னதில்லை. நான் கேட்டதுமில்லை. அவர் இறந்த செய்தி விடுதிக்குக் கடிதத்தில் வந்தது. 'செத்துப்போய்விட்டான்' என்று எழுதியிருந்தார்கள். நானும் அறை நண்பனிடம் அதே வார்த்தையில்தான் சொன்னேன். அவர் பெயரை எங்கள் வீட்டில் யாரும் முழுசாகச் சொன்னதில்லை. இங்கே எழுதுவதற்கும் எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

கொங்குத் தமிழின் மரியாதை என்று சினிமாவும் மேடையும் கொண்டாடுகிற அந்த 'ங்க' எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கத்துக்குப் போயிற்று, எந்தப் பக்கம் திரும்பி வரவேயில்லை என்று ஐம்பது வருஷம் நான் யோசிக்கவில்லை. யோசிக்க வைத்தது ஒரு அந்நியப் பாடப்புத்தகத்தின் பயிற்சி வாக்கியம்.

கொரியர்கள் நம்மைவிட உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. 2004ல் தொடங்கிய வேலை அனுமதித் திட்டத்தின் கீழ் நேபாளத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் அங்கே ஆலைகளுக்கும் பண்ணைகளுக்கும் போகிறவர்கள் கொரிய மொழித் தேர்வு எழுதித்தான் போக வேண்டும். 'யோ' போட்டுப் படித்துவிட்டுப் போகிறவர்களிடம் சில முதலாளிகள் முதல் நாளே பன்மல்லில் இறங்குவது அங்கேயே கண்டிக்கப்படுகிற விஷயம். அந்தப் பாஷையின் இன்னொரு முகத்தையும் மறக்கக்கூடாது. 1942ல் ஜப்பானிய ஆட்சி கொரிய மொழிச் சங்கத்தாரைக் கைது செய்தது. அவர்கள் அகராதி தொகுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் சிறையிலேயே இறந்தார்கள். சாட்சியமாகப் பறிமுதலான கையெழுத்துப் பிரதி காணாமல் போய், 1945 செப்டம்பரில் ஸோல் ரயில் நிலையத்துக் கிடங்கு ஒன்றில் கிடைத்தது. அப்படி உயிரைக் கொடுத்துக் காப்பாற்றிய பாஷைக்குள் ஏழையும் எழுதட்டும் என்று ஒரு அரசர் நினைத்ததும் இருக்கிறது, யார் யாருக்குக் கீழே என்ற கணக்கும் இருக்கிறது. இரண்டையும் பிரித்துக் காப்பாற்ற முடியாது. நம் பாஷையும் அப்படித்தான். தமிழின் பெருமை பேசுகிறவர்கள் இதைப் பேசுவதில்லை.

மரியாதை மனசில் இருந்தால் போதும், விகுதியில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். மனசில் மரியாதை இருந்ததாகத்தான் நானும் நம்பிக்கொண்டிருந்தேன். அவர்மேல் எனக்குப் பிரியம் உண்டு. அவர் தோளில் உட்கார்ந்து கோயில் நோம்பி பார்த்திருக்கிறேன். அந்தப் பிரியம் ஒரு அசையைக்கூட மாற்றவில்லை. பிரியத்துக்கு விலை இல்லை, அசைக்கு விலை உண்டு என்பதனால்தான் என்று இப்போது நினைக்கிறேன். அந்த ஒரு அசையை நான் சொல்லியிருந்தால் வீட்டில் கேட்டிருப்பார்கள், ஊரில் சிரித்திருப்பார்கள்.

யுன் தோங்ஜு ஜப்பானில் படிக்கப் போவதற்காக 1942 ஜனவரியில் தன் பெயரை ஜப்பானியப் பெயராக மாற்றிக் கொடுக்க வேண்டியிருந்தது. அதற்கு ஐந்து நாள் முன்னால் எழுதிய கவிதைக்குப் பாவமன்னிப்புக் குறிப்பு என்ற பொருளில் தலைப்பு வைத்தார். 1945 பிப்ரவரியில், 27 வயதில், ஃபுகுவோகா சிறையில் இறந்தார். தொகுப்பு 1948ல்தான் வந்தது. தனக்கு இழைக்கப்பட்டதற்கே வெட்கப்பட்டவர் அவர். தான் இழைத்ததற்கு வெட்கப்பட அறுபது வயசு வரை காத்திருந்தவன் அவரைப் படிக்கப் புறப்பட்டிருக்கிறேன்.

பெரியவர்கள் இறந்தால் கொரிய மொழியில், திரும்பிப் போனார் என்று சொல்ல வேண்டும். வினைக்கு நடுவில் 'சி' என்று ஒரு அசை சேர்த்தால் நம் 'ஆர்' விகுதி மாதிரி, பேசப்படுகிறவருக்கு மரியாதை வந்துவிடும். 'தாத்தா இறந்தார்' என்பதை மரியாதையாக மாற்றி எழுதுக என்று ஒரு பயிற்சி. எழுதினேன். அவரை நினைத்துக்கொண்டுதான் எழுதினேன். எழுதியதும் மனசு லேசாயிற்று. அந்த லேசுதான் எனக்குச் சந்தேகத்தைத் தந்தது. அவருக்குத் தெரியாத பாஷையில், என்னைத் தெரிந்தவர் யாரும் இல்லாத இடத்தில், நான் பணிவாக இருக்கிறேன். இதைவிட மலிவான பிராயச்சித்தம் இருக்க முடியுமா? இரண்டு வருஷம் அந்நிய பாஷையில் பணிவு பழகுவது சொந்த ஊரில் ஒரு 'ங்க' சொல்வதைவிடச் சுலபமாக இருந்திருக்கிறது.

அவருடைய மகனுக்கு இப்போது எழுபது இருக்கும். எங்கள் தோட்டத்து வேலையை விட்டு வெகுகாலம் ஆகிறது. வழியில் பார்த்தால் நின்று பேசுவார். இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது வாசலுக்கு வந்தார். "வாங்க" என்றேன். குரல் சரியாக வரவில்லை. அவர் பதில் சொல்லவில்லை. பின்னால் வேறு யாராவது வந்திருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

அதற்கு மேல் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. இறக்குவதற்கு அனுமதி வேண்டுமென்றால், இவ்வளவு காலம் கழித்து ஏற்றுவதற்கும் அனுமதி வேண்டுமோ என்னவோ. இதைப் புத்தகத்தில் பார்க்க முடியாது. அக்டோபரில் சின்சோன் நிலையத்தில் இறங்கி, யோன்செ பல்கலைக்கழகத்தில் இருக்கும் கவிஞரின் நினைவுக்கல்லுக்கு யாராவது ஒரு மாணவனிடம் வழி கேட்பேன். பேரன் வயதுப் பையனாக இருப்பான், 'யோ' போட்டுத்தான் கேட்பேன். அது வந்துவிடும். அக்டோபருக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. அதற்கு முன் ஊருக்கு ஒரு தடவை போக வேண்டும்.